தெரிந்த சித்தமும் தேடும் சித்தமும்

தேவ சித்தத்தை முன்னே வைத்து, சொந்த ஆசையைப் பின்னே வைத்து அன்றாடம் வாழ்வது எப்படி என்பதே இன்று மாலை நாம் சேர்ந்து சிந்திக்கப் போகும் பொருள். இந்தப் பொருளில் பேச வருகிறவர்கள் வழக்கமாக ஒரு மிஷனரியின் கதையில்தான் தொடங்குவார்கள். வேலூரை நினைத்தால் ஐடா ஸ்கடர் அம்மையார் நினைவுக்கு வருவார். 1870-இல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். மிஷனரி ஆவதில்லை என்று உறுதியாக இருந்தவர். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீடுகளிலிருந்து பிரசவ வேதனையில் கிடந்த பெண்களுக்காக உதவி கேட்டு வந்தார்கள். ஆண் மருத்துவர் வரக்கூடாது என்று அந்த வீடுகளில் மறுத்துவிட்டதால் மூன்று பேரும் இறந்துபோனார்கள். அந்த இரவுக்குப் பிறகு அவர் மருத்துவம் படிக்கப் புறப்பட்டு, 1900-இல் டாக்டராகத் திரும்பினார். இது நெஞ்சை உருக்கும் கதை, உண்மைக் கதை. ஆனால் இதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகிற நமக்கு இதில் ஒரு வசதியும் உண்டு. 'நம் வீட்டுக் கதவை அப்படி யாரும் தட்டவில்லையே' என்று நிம்மதியாகத் தூங்கிவிடலாம். அந்த நிம்மதியைக் கொஞ்சம் கலைப்பதற்காகவே இன்று நான் பேச வந்திருக்கிறேன்.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். தேவ சித்தத்தின் பெரும்பகுதி நமக்கு ஏற்கெனவே சொல்லப்பட்டுவிட்டது. சொல்லப்பட்டதைச் செய்ய மனமில்லாதபோதுதான், சொல்லப்படாததைத் தேடி முழங்கால் தேய ஜெபிக்கிறோம். எந்த வேலைக்குப் போவது, எந்த ஊரில் வீடு வாங்குவது, எந்தப் பெண்ணைக் கட்டுவது என்று ஆண்டவரிடம் கேட்கிறோம். வேலைக்காரிக்குச் சம்பளத்தை எந்தத் தேதியில் கொடுப்பது என்று கேட்கிறோமா? கேட்பதில்லை. ஏன் கேட்பதில்லை? பதில் தெரியும் என்பதால்தான் கேட்பதில்லை. நம் ஆசைக்கும் தேவ சித்தத்துக்கும் உண்மையான மோதல் நடக்கிற இடம், தெரியாத எதிர்காலம் அல்ல. நன்றாகத் தெரிந்த இன்றைய தினம். இதுதான் என் வாதம். இதை வேதத்திலிருந்தும் வரலாற்றிலிருந்தும் காட்டிவிட்டு, இதற்கு எதிராக எழக்கூடிய கேள்விகளுக்கும் பதில் சொல்ல முயல்கிறேன்.

முதலில், 'தேவ சித்தம்' என்ற சொல்லை நாம் எங்கெங்கே பயன்படுத்துகிறோம் என்று பாருங்கள். கல்யாணப் பத்திரிகையில் 'கர்த்தருக்குச் சித்தமானால்' என்று அச்சடிக்கிறோம். மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்த்துவிட்டுப் போய், 'ஜெபித்துவிட்டுச் சொல்கிறோம்' என்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் அடுத்த வாரம் பெரியவர்கள் கூடி உட்கார்ந்து, ரொக்கம் எவ்வளவு, நகை எத்தனை சவரன், கார் உண்டா இல்லையா என்று பேசும்போது அந்த ஜெபம் எங்கே போனது? பெண்ணை ஆண்டவர் காட்டினார். சவரனையும் ஆண்டவரா கணக்குப் போட்டுக் கொடுத்தார்? வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-லேயே வந்துவிட்டது. அரசாங்கம் குற்றம் என்று சொன்ன பிறகும், அதைப் பாவம் என்று சொல்லச் சபைக்கு நாக்கு எழவில்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஓலை வாசிக்கிறோம். இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர் உண்டானால் சொல்லலாம் என்று கேட்கிறோம். பெண்ணைப் பெற்றவர் நிலத்தை விற்றதும், வட்டிக்கு வாங்கியதும் ஊருக்கே தெரியும். யாராவது எழுந்தது உண்டா? வருடப் பிறப்பு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டையை ஆவலோடு எடுக்கிறோம். அதில் ஆசீர்வாதம் வரும், சமாதானம் வரும், உயர்வு வரும். கூலிக்காரனின் கூலி விடியும்வரை உன்னிடத்தில் தங்கக்கூடாது என்ற கட்டளையும் அதே வேதப்புத்தகத்தில்தான், லேவியராகமம் 19-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அந்த வசனம் அச்சடித்த அட்டையை உங்களில் யாராவது கையில் எடுத்ததுண்டா?

இது புதிய நோய் என்று நினைக்காதீர்கள். மிகப் பழைய நோய். எரேமியாவின் புத்தகத்தில் 42, 43 ஆகிய அதிகாரங்களை நிதானமாக வாசித்துப் பாருங்கள். எருசலேம் விழுந்துவிட்டது. பாபிலோன் ராஜா நியமித்த கெதலியாவை மிஸ்பாவில் கொன்றுவிட்டார்கள். மீந்திருந்த ஜனங்கள் நடுங்கிப் போயிருக்கிறார்கள். கல்தேயர், அதாவது பாபிலோனியர், வந்து பழிவாங்குவார்களே என்ற பயம். யோகனான் என்ற தலைவனின் பின்னே திரண்டு, பெத்லெகேமுக்கு அருகே வந்து தங்குகிறார்கள். அங்கிருந்து சிறியோர் பெரியோர் எல்லோரும் எரேமியாவிடம் வருகிறார்கள். எங்களுக்காக ஜெபம் பண்ணும், நாங்கள் போகவேண்டிய வழியைக் கர்த்தர் காட்டட்டும் என்கிறார்கள். அதோடு விடவில்லை. அது நன்மையாகத் தோன்றினாலும் தீமையாகத் தோன்றினாலும் கட்டாயம் கீழ்ப்படிவோம் என்று கர்த்தரையே சாட்சி வைக்கிறார்கள். எவ்வளவு அழகான ஜெபக்கூட்டம்! பத்து நாள் கழித்துப் பதில் வருகிறது: இந்தத் தேசத்திலேயே இருங்கள், எகிப்துக்குப் போகாதீர்கள். உடனே என்ன நடந்தது? நீ பொய் சொல்லுகிறாய், நேரியாவின் மகன் பாருக் உன்னைத் தூண்டிவிடுகிறான் என்று தீர்க்கதரிசியின் முகத்துக்கு நேரே சொல்கிறார்கள். எகிப்துக்கே போகிறார்கள். போகும்போது எரேமியாவையும் கூட்டிக்கொண்டு போய்த் தக்பானேஸ் பட்டணத்தில் சேர்கிறார்கள்.

இந்த நிகழ்ச்சியில் நாம் கவனிக்க வேண்டிய ஒரு வரி, அவர்கள் எரேமியாவிடம் வருவதற்கு முன்னாலேயே 41-ஆம் அதிகாரத்தின் முடிவில் இருக்கிறது. அவர்கள் பெத்லெகேமுக்கு அருகே தங்கியதே எகிப்துக்குப் போகும் எண்ணத்தோடுதான் என்று அங்கே எழுதியிருக்கிறது. மூட்டை கட்டியாயிற்று, பயணம் தொடங்கியாயிற்று, அதன் பிறகுதான் ஜெபம். அவர்கள் தேவ சித்தத்தைக் கேட்க வரவில்லை. தங்கள் சித்தத்துக்குத் தேவனுடைய கையெழுத்தை வாங்க வந்தார்கள். அவர்கள் வேஷக்காரர்கள் என்று நான் சொல்லமாட்டேன். சத்தியம் பண்ணும்போது அவர்கள் உண்மையாகவே பண்ணியிருக்கலாம். ஆசையின் சாமர்த்தியமே அதுதான். நாம் திறந்த மனதோடு இருக்கிறோம் என்று நம்மையே நம்ப வைத்துவிடும். பதில் நமக்குப் பிடித்ததாக வந்தால் 'ஆண்டவர் பேசினார்' என்போம். பிடிக்காததாக வந்தால் 'அந்த ஊழியருக்கு நம்மேல் காழ்ப்பு' என்போம். பாருக் என்ற பெயர் மட்டும்தான் மாறும், பேச்சு மாறாது.

அப்படியானால் ஏற்கெனவே சொல்லப்பட்ட சித்தம் எது? மறைவானவை கர்த்தருக்கு உரியவை, வெளிப்படுத்தப்பட்டவையோ நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் உரியவை என்று உபாகமம் 29-ஆம் அதிகாரம் கோடு கிழித்துக் காட்டுகிறது. வெளிப்படுத்தப்பட்டவை எதற்காக? அறிந்து வைத்துக்கொள்வதற்காக மட்டும் அல்ல, அதன்படி செய்வதற்காக என்றும் அதே வசனம் சொல்கிறது. கர்த்தர் உன்னிடத்தில் கேட்பது என்ன என்ற கேள்விக்கு மீகா ஆறாம் அதிகாரத்தில் பதில் சொன்னார்: நியாயம் செய்வது, இரக்கத்தை நேசிப்பது, தேவனுக்கு முன் தாழ்மையாய் நடப்பது. பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் நிருபத்தில், தேவனுடைய சித்தம் இதுதான் என்று வெளிப்படையாகவே சொல்லும் இடங்கள் உண்டு. ஒன்று, பரிசுத்தமாய் வாழ்வது. அதோடு சேர்த்துச் சகோதரனை வஞ்சிக்காமல் இருப்பதையும் அங்கேயே சொல்கிறார். மற்றொன்று, எல்லா நிலையிலும் நன்றி செலுத்துவது. இதில் புரியாதது என்ன இருக்கிறது? தரிசனம் காண வேண்டுமா? மலையேற வேண்டுமா? நாற்பது நாள் உபவாசம் இருக்க வேண்டுமா? தராசில் கை வைக்காதே, வேலை செய்தவனுக்குக் கூலி கொடு, பொய்ச்சாட்சி சொல்லாதே, பகைத்தவனோடு ஒப்புரவாகு. இவ்வளவுதான். இது எளிதாகப் புரிகிறது. எளிதாகப் புரிவதுதான் நமக்குச் சங்கடமாக இருக்கிறது.

இங்கே ஒரு கேள்வி எழும். அப்படியானால் ஆசையே கூடாதா, எல்லா விருப்பத்தையும் வேரோடு பிடுங்கி எறிந்துவிட்டுக் கல்லைப்போல் இருக்க வேண்டுமா என்று கேட்பீர்கள். வேதம் அப்படிச் சொல்லவில்லை. கெத்செமனே தோட்டத்துக்கு வாருங்கள். இயேசு தமக்கு விருப்பமே இல்லாதவர்போல் அங்கே நடிக்கவில்லை. இந்தப் பாத்திரம் தம்மைவிட்டு நீங்கக்கூடுமானால் நீங்கட்டும் என்று மனம்விட்டுக் கேட்டார். தம் சித்தம் ஒன்று உண்டு என்பதை மறைக்காமல் சொல்லி, அதன் பிறகு பிதாவின் சித்தத்தை அதற்கு மேலே வைத்தார். மத்தேயு எழுதிய சுவிசேஷத்தில் அந்த ஜெபத்தை உற்றுப் பாருங்கள். முதல் தடவை, நீங்கக்கூடுமானால் நீங்கட்டும் என்ற விண்ணப்பம் முன்னே நிற்கிறது. இரண்டாம் தடவை, இதைக் குடித்தாலொழிய இது நீங்காது என்றால் அப்படியே ஆகட்டும் என்று ஜெபம் சாய்கிறது. மூன்றாம் தடவையும் அதே வார்த்தைகள். தேவனுடைய குமாரனுக்கே ஒரே ஜெபத்தில் அது முடியவில்லை. சொந்த விருப்பத்தைச் சொல்வது பாவம் அல்ல. அதைச் சொன்ன பிறகு எதை மேலே வைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பிள்ளைக்கு நல்ல வேலை கிடைக்க வேண்டும் என்று ஆசைப்படுங்கள், அதற்காக ஜெபியுங்கள். அந்த வேலைக்காக லஞ்சம் கொடுக்கும்போதுதான் ஆசை, சித்தத்தின் இடத்தில் ஏறி உட்காருகிறது.

இனி, இதை அன்றாட வாழ்வில் செய்து காட்டிய ஒருவரை உங்கள் முன் நிறுத்துகிறேன். அவர் பிஷப் அல்ல, பிரசித்திபெற்ற பிரசங்கியும் அல்ல. அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் மவுண்ட் ஹாலி என்ற சிற்றூரில் கடையும் தையல் தொழிலும் நடத்திய ஜான் உல்மன். 1720-இல் பிறந்தவர். குவேக்கர் என்று அழைக்கப்படும் நண்பர்கள் சபையைச் சேர்ந்தவர். இளவயதில் ஒரு கடையில் வேலை பார்த்தபோது, முதலாளி தன்னிடமிருந்த கறுப்பினப் பெண் ஒருத்தியை விற்றார். விற்பனைப் பத்திரம் எழுதும்படி உல்மனிடம் சொன்னார். வாங்குகிறவர் காத்துக்கொண்டு நிற்கிறார். வாங்குகிறவரும் அதே சபையைச் சேர்ந்த வயதானவர். உல்மனுக்கு மனம் உறுத்தியது. ஆனாலும் எழுதிக் கொடுத்தார். 'நான் சம்பளத்துக்கு வேலை செய்கிறவன், எழுதச் சொன்னது முதலாளி, வாங்குவது சபைப் பெரியவர்.' அவருக்கு இருந்த சமாதானங்கள் இவை. நம்மில் எத்தனை பேர் அலுவலகத்தில் இதே சமாதானங்களைச் சொல்லிக்கொள்கிறோம்? எழுதியபோதே, அடிமை வைத்திருப்பது கிறிஸ்தவ மார்க்கத்துக்குப் பொருந்தாது என்று இருவர் முன்னிலையிலும் சொன்னார். அப்படிச் சொன்னதால் சற்று ஆறுதல் கிடைத்தாலும், எழுதியது தவறுதான் என்பது அவர் மனதைவிட்டு அகலவில்லை. தம் நாட்குறிப்பில் அவரே இதைப் பதிவு செய்திருக்கிறார்.

பிறகு வேறொரு நாள். அடிபட்டுக் கிடந்த அக்கம்பக்கத்தார் ஒருவர், தம் உயிலை எழுதித் தரும்படி உல்மனைக் கேட்டார். உயில் எழுதுவதில் நல்ல வரும்படி உண்டு. அண்டை வீட்டார் நட்பும் அதில் இருக்கிறது. சொத்தில் எது யாருக்கு என்று அவர் சொல்லச் சொல்ல உல்மன் குறித்துக்கொண்டார். அதில், தம் பிள்ளைகளில் ஒருவருக்கு ஓர் இளம் அடிமையையும் விட்டுச்செல்வதாகச் சொல்லியிருந்தார். உல்மன் போய் உயிலை எழுதினார். அந்த ஒரு பகுதியை மட்டும் விட்டுவிட்டு எழுதினார். படுக்கையருகே கொண்டுவந்து வாசித்துக் காட்டினார். சக மனுஷரை அடிமையாக்கும் எந்தப் பத்திரத்தையும் தம்மால் மனச்சாட்சியோடு எழுத முடியாது என்று அன்பாகச் சொன்னார். எழுதினவரைக்கும் கூலி வேண்டாம், அந்தப் பகுதியை எழுதுவதிலிருந்து மட்டும் என்னை விட்டுவிடுங்கள் என்றார். சத்தம் போடவில்லை, சாபம் இடவில்லை, பிரசங்கம் பண்ணவில்லை. இருவரும் மனம்விட்டுப் பேசினார்கள். கடைசியில் அந்த மனிதர் அந்த அடிமையை விடுதலை செய்ய ஒப்புக்கொண்டார். அதன் பிறகு உல்மன் உயிலை எழுதி முடித்தார். அன்பானவர்களே, இதில் எந்த அற்புதம் நடந்தது? வானம் திறந்ததா? தூதன் வந்தானா? ஒரு பேனா ஒரு வரிக்கு முன்னால் நின்றுவிட்டது. அவ்வளவுதான். தேவ சித்தம் பூமியில் செய்யப்பட்டது அந்த இடத்தில்தான்.

அவர் கடையையும் பாருங்கள். வியாபாரம் நன்றாக வளர்ந்தது. வளர வளர அவருக்குக் கவலை வந்தது, நமக்கு வராத கவலை. ஆதாயம் தம் மனதை முழுதாகப் பிடித்துக்கொள்கிறதே என்று உணர்ந்து, வாடிக்கைக்காரர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டுக் கடை வியாபாரத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் தையலோடும் தோட்டத்தோடும் நின்றுகொண்டார். தென்பகுதிகளுக்கு ஊழியப் பயணம் போனபோது, அடிமைகள் பணிவிடை செய்த வீடுகளில் இலவசமாக உண்டு உறங்க மனம் ஒப்பாமல், அந்தப் பணிவிடைக்குக் காசு கொடுத்தார். 1758-இல் பிலடெல்பியாவில் கூடிய அவருடைய சபையின் வருடாந்தரக் கூட்டம், அடிமைகளை வாங்கி விற்கும் உறுப்பினர்களைச் சபை அலுவல்களில் இருந்து விலக்கவும், அடிமை வைத்திருப்போரை வீடுவீடாகச் சந்திக்கவும் முடிவெடுத்தது. உல்மன் 1772-இல் இங்கிலாந்தில் யார்க் நகரில் அம்மை கண்டு இறந்தார். 1776-இல் அதே சபை, அடிமை வைத்திருப்பவருக்குத் தன்னில் இடமில்லை என்றே தீர்மானித்தது. அவர் ஒருவரால் மட்டும் இது நடந்தது என்று சொல்வது மிகையாகும், பலர் உழைத்தார்கள். ஆனால் அந்த நீண்ட உழைப்பு எழுத மறுத்த பத்திரங்களிலும், வேண்டாம் என்று விட்ட லாபத்திலும், இலவசமாக ஏற்காத சாப்பாட்டிலும் நடந்தது. அன்றாட வாழ்வில்தான் நடந்தது.

அது அமெரிக்கக் கதை என்று தள்ளிவிடாதீர்கள். திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளத்துக்கு வாருங்கள். 1745-இல் தேவசகாயம் பிள்ளை ஞானஸ்நானம் பெற்ற ஊர் அது. பிறப்பால் வந்த பெருமையைப் பாராமல் எல்லோரோடும் பழகி, விசுவாசத்துக்காக 1752-இல் ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டவர். அவர் மனந்திரும்பி நின்ற அதே ஊரில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரண்டு சாதியார் ஒருவரையொருவர் பார்க்காமல் ஒரே பலிபீடத்தைப் பார்க்கும்படி கோயில் கட்டப்பட்டது. இரண்டு கூடங்கள், நடுவே தடுப்பு, முன்னே ஒரே பீடம். நினைத்துப் பாருங்கள். சுவருக்கு இந்தப் பக்கத்திலும் கர்த்தர் கற்பித்த ஜெபம். அந்தப் பக்கத்திலும் அதே ஜெபம். பரமண்டலத்தில் ஆவதுபோல் பூமியிலும் உம் சித்தம் ஆகட்டும் என்று இரண்டு பக்கத்தாரும் கேட்கிறார்கள். பரமண்டலத்தில் சுவர் இருக்கிறதா என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. 1910-இல் அந்தத் தடுப்பை இடித்தபோது, அதை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. தனியிடம் கேட்டவர்களின் கோரிக்கை நிற்கவில்லை. இது கத்தோலிக்கர் கதை என்று மற்ற சபையார் சிரிக்க வேண்டாம். 1833-இல் பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை உடனே ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பியபோது, சாதியை விடுவதைவிடச் சபையை விடுவது மேல் என்று போனவர்கள் நம் சீர்திருத்தச் சபையிலும் உண்டு. ஆசை தனி மனிதனுடையதாக இருந்தால் அதைப் பாவம் என்று எளிதில் கண்டுகொள்கிறோம். ஊரே சேர்ந்து ஆசைப்பட்டால் அதற்கு 'வழக்கம்' என்று பெயர் வைத்துக் கோயிலுக்குள்ளேயே கொண்டுவந்துவிடுகிறோம்.

இப்போது எதிர்வாதங்களுக்கு வருகிறேன். முதலாவது, நடைமுறை அறிந்தவர்கள் சொல்வது: 'ஐயா, மேடையில் பேசுவது எளிது. பில் போடாமல் விற்றால்தான் கடை ஓடும். கமிஷன் கொடுத்தால்தான் டெண்டர் கிடைக்கும். எல்லோரும் செய்கிறபோது நான் ஒருவன் நிறுத்தினால் என் பிள்ளைகள்தான் பட்டினி கிடக்கும்.' இந்த வாதத்தை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. கீழ்ப்படிதலுக்கு விலை உண்டு. அந்த விலை சில சமயம் சோறாகவே இருக்கும். நேர்மையாக இருந்தால் வியாபாரம் பெருகும் என்று சிலர் மேடைகளில் சொல்வார்கள். அப்படி ஒரு வாக்குறுதியை நான் தரமாட்டேன். உல்மன் லாபத்தை இழந்தார். அது வேறு வழியில் திரும்பி வரவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். நாம் பட்டினிக்குப் பயந்தா இதையெல்லாம் செய்கிறோம்? பட்டினியின் எல்லையில் நிற்கிறவர் எத்தனை பேர், இரண்டாவது மனைக்கும் மூன்றாவது மாடிக்கும் செய்கிறவர் எத்தனை பேர்? முன்னவரைச் சபை தாங்க வேண்டும். அவர் தனியாக விலை கொடுக்கும்படி விட்டுவிட்டு நாம் கைதட்டக்கூடாது. பின்னவர் மட்டும் 'பிள்ளைகளுக்காக' என்ற வார்த்தையைச் சற்றுக் கீழே வைத்துவிட்டு யோசிக்கட்டும்.

இரண்டாவது எதிர்வாதம் இன்னும் கனமானது. 'தேவ சித்தம் என்ற பெயரில்தானே எத்தனையோ கொடுமைகள் நடந்தன? அடி வாங்குகிற மனைவியிடம், பொறுத்துக்கொள், இது தேவ சித்தம் என்றுதானே சொல்லி அனுப்பினார்கள்? ஏழையிடம், உனக்கு ஆண்டவர் விதித்தது இவ்வளவுதான் என்றுதானே சொன்னார்கள்?' சொன்னார்கள். சொல்லவும் செய்கிறார்கள். இன்னும் பெரிய சான்றும் உண்டு. ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபோது, அதைத் தேவனுடைய செயல் என்று கொண்டாடிய கிறிஸ்தவர்களும் குருமாரும் இருந்தார்கள். அதற்கு மறுப்பு எங்கிருந்து வந்தது? 1934 மே மாதம் பார்மென் நகரில் கூடிய சபையாரிடமிருந்து வந்தது. இறையியல் அறிஞர் கார்ல் பார்த் பெரும்பாலும் எழுதிய அவர்களுடைய பிரகடனம், இயேசு கிறிஸ்துவில் கேட்ட வார்த்தைக்கு அப்பால் வேறு எந்த நிகழ்ச்சியையும் வல்லமையையும் சபை தேவனுடைய வெளிப்பாடாக ஏற்காது என்று சொன்னது. என் வாதத்துக்கு இதுவே பலம். மறைவான சித்தத்தை எனக்குத் தெரியும் என்று சொல்கிறவனை, வெளிப்படுத்தப்பட்ட சித்தத்தைக் கொண்டுதான் சோதிக்க முடியும். இன்னொரு அளவுகோலும் சொல்கிறேன். தேவ சித்தத்தை முன்வைப்பது என்றால் என் ஆசையை நான் அடக்குவது. என் அதிகாரத்துக்குக் கீழே இருப்பவரின் உரிமையை அடக்குவது அல்ல. யார் விலை கொடுக்கிறார்கள் என்று பாருங்கள். 'தேவ சித்தம்' என்று சொல்கிறவன் விலை கொடுத்தால் அதைக் காது கொடுத்துக் கேட்கலாம். சொல்கிறவனுக்கு லாபமும் கேட்கிறவளுக்குக் கண்ணீரும் என்றால், அங்கே பேசுவது தேவன் அல்ல.

மூன்றாவது கேள்வி வாலிபப் பிள்ளைகளுடையது. 'அப்படியானால் எந்தப் படிப்பு, எந்த வேலை, யாரைக் கல்யாணம் செய்வது என்பதில் ஆண்டவர் வழிநடத்தவே மாட்டாரா?' வழிநடத்துவார். துரோவாவில் இராத்திரி தரிசனம் கண்டு பவுல் மக்கெதோனியாவுக்குப் போனதாக அப்போஸ்தலர் நடபடிகள் 16-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். ஆனால் அந்தத் தரிசனம் வரும்போது பவுல் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. தெரிந்த ஊழியத்தைச் செய்துகொண்டே நடந்தார்; ஆசியாவில் தடை, பித்தினியாவில் தடை, நடையை நிறுத்தவில்லை. நடந்துகொண்டிருந்தவருக்குத்தான் வழி காட்டப்பட்டது. இன்னொரு இடத்தையும் பாருங்கள். கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 7-ஆம் அதிகாரத்தில், புருஷனை இழந்த பெண் தனக்கு இஷ்டமானவரை மணந்துகொள்ளலாம், அது கர்த்தருக்குட்பட்டதாக இருந்தால் போதும் என்கிறார் பவுல். தனக்கு இஷ்டமானவரை! கல்யாணம் போன்ற பெரிய காரியத்தில் அவளுடைய விருப்பத்துக்கே இடம் விடுகிறார். ஒரே ஒரு எல்லையை மட்டும் போடுகிறார். தம்பி, தங்கை, உங்கள் எதிர்காலம் ஒரு வினாத்தாள் அல்ல. ஒரே ஒரு சரியான விடையைத் தவறவிட்டால் வாழ்க்கையே போயிற்று என்று நடுங்க வேண்டாம். வெளிப்படுத்தப்பட்ட எல்லைக்குள் விசாலமான இடம் உண்டு. நீங்கள் டாக்டராகலாம், ஆசிரியராகலாம், கடை வைக்கலாம். எதுவானாலும் அதில் நியாயம் செய்கிறீர்களா, இரக்கம் காட்டுகிறீர்களா, தாழ்மையாய் நடக்கிறீர்களா என்பதைத்தான் ஆண்டவர் கேட்பார்.

ஆகவே அன்பானவர்களே, நம் ஜெபத்தின் வரிசையைக் கொஞ்சம் மாற்றுவோம். தெரியாததைக் கேட்பதற்கு முன், தெரிந்ததைச் செய்தேனா என்று கேட்போம். வீடு வாங்க ஜெபிக்கிறவர், அந்த வீட்டைக் கட்டப்போகும் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் சனிக்கிழமை மாலையே கணக்குத் தீர்ப்பேன் என்று தீர்மானித்துவிட்டு ஜெபிக்கட்டும். மகனுக்குப் பெண் தேடி ஜெபிக்கிறவர், ஒரு சவரனும் கேட்கமாட்டேன், சாதியும் பார்க்கமாட்டேன் என்று முடிவெடுத்துவிட்டு ஜெபிக்கட்டும். சபைத் தேர்தலில் நிற்கப் போகிறவர், ஒரு ஓட்டுக்கும் காசு கொடுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு நிற்கட்டும். எழுப்புதலுக்காக இரவெல்லாம் ஜெபிக்கிறவர், வருடக்கணக்கில் பேசாமல் இருக்கும் அண்ணன் வீட்டுக்கு விடிந்ததும் போகட்டும். இவை ஒன்றுக்கும் தரிசனம் தேவையில்லை; இவை ஒன்றுக்கும் தீர்க்கதரிசி தேவையில்லை.

இயேசு சொன்ன ஓர் உவமையோடு முடிக்கிறேன். தகப்பன் இரண்டு மகன்களைத் திராட்சத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகச் சொன்னான். ஒருவன் மாட்டேன் என்றான். பிறகு மனஸ்தாபப்பட்டுப் போனான். மற்றவன் போகிறேன் ஐயா என்றான், போகவில்லை. இருவரில் தகப்பனுடைய சித்தத்தின்படி செய்தவன் யார் என்று இயேசு கேட்டார். கூட்டத்துக்குப் பதில் தெரிந்திருந்தது. நமக்கும் தெரியும். 'போகிறேன் ஐயா' என்று ஞாயிறுதோறும் நன்றாகப் பாடுகிற சபை நம் சபை. ஆனால் அந்த உவமையில் நமக்கு நம்பிக்கையும் இருக்கிறது: மாட்டேன் என்று சொன்னவனுக்கும் தோட்டத்தின் வாசல் அடைபடவில்லை. இத்தனை நாள் மறுத்த காரியம் எது என்று உங்கள் ஒவ்வொருவருக்கும் தெரியும். அதை நான் சொல்ல வேண்டியதில்லை. நாளை திங்கட்கிழமை. அதை நாளைக்கே செய்யுங்கள். கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக.